இரண்டாவது புள்ளி

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'இன்னொருதரம்'. வைத்தது நர்ஸுகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காருகிறவள் அவள்தான். கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தத்தைப் பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள், "இன்னொரு தரம் எடுத்துட்டு வாங்க" என்பாள். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட குழந்தையை அப்போதுதான் ஒருவழியாகத் தாஜா பண்ணி ரத்தம் எடுத்து வந்திருப்பாள் அந்த நர்ஸ். எப்படி இருக்கும் அவளுக்கு? வைத்தார்கள் பெயரை. பெரிய டாக்டரே வந்து நின்று, "அவசரம்மா, கையெழுத்தைப் போட்டுக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாலும் அசைய மாட்டாள். "நீங்க பாத்துக்குவீங்க சார், கையெழுத்து என்னோடதாச்சே" என்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போவார். ஆனால் தன் சொந்தத் தாய்க்கு ரத்தம் பார்க்க வேண்டி வந்தபோது, இவளுக்கு டியூட்டி எப்போது என்று விசாரித்துக்கொண்டுதான் வந்தார் அதே டாக்டர்.

வீட்டில் அவள் சின்னவள். நாற்பதைத் தாண்டிக் காதோரம் நரைத்த பிறகும் சின்னவள்தான். பெரியவள் என்று ஒருத்தி இருக்கும்வரை அந்தப் பதவியிலிருந்து யாரும் இறங்க முடியாது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டு மாடியறையில் இருந்தாள். அக்காவும் அத்தானும் அதை ஒருநாள்கூடக் குத்திக் காட்டியதில்லை. இதை இப்போதே சொல்லி வைத்துவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அந்த இரண்டு பேரையும் ராட்சசர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ராட்சசர்கள் செய்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பூச்சிப் பைத்தியம் பிடித்தது ஆஸ்பத்திரியில்தான். இரவெல்லாம் விளக்கைச் சுற்றிக் களைத்த அந்துப்பூச்சிகள், விடிந்ததும் தாழ்வாரச் சுவரில் அப்படி அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். பெருக்க வருகிறவர் துடைப்பத்தால் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார். ஒரு காலையில் டியூட்டி முடிந்து போனவள், கருகின காகிதத் துணுக்குப் போல இருந்த ஒன்றை விரலால் லேசாகத் தொட்டாள். அது மேலிறகை நகர்த்தியது. உள்ளே ரோஜா நிறம். யாருமே பார்க்கப் போகாத இடத்தில் இத்தனை அழகை எதற்கு மடித்து வைத்திருக்கிறது என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். இதன் பெயர் என்ன என்று எல்லாரிடமும் கேட்டாள். "பூச்சிம்மா" என்றார்கள். ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறவனுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, இத்தனை பெரிய உருப்படிக்குப் பெயர் இல்லையா என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

அந்தக் கோபத்தில் ஒரு கையேடு வாங்கினாள். கையேட்டில் எல்லாப் பூச்சியும் இறகை நன்றாக விரித்துப் போஸ் கொடுத்தன. சுவரில் இருந்ததோ இறகை இறுக்க மூடிக்கொண்டு, என்ன பண்ணுவாய் என்பதுபோல் உட்கார்ந்திருந்தது. முதல் கையேட்டைச் சரிபார்க்க இரண்டாவது வாங்கினாள். அது வேறு பெயர் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ண மூன்றாவது வாங்கினாள். அதற்கு அந்தப் பூச்சியையே தெரியவில்லை. இப்படியே மாடியறையில் துணி வைக்கிற அலமாரி புத்தக அலமாரி ஆகி, துணிகள் நாற்காலிக்கு வந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வட்டம் கூடும். ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர் நடத்தியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த புதர்க்காட்டில் காலையிலிருந்து வெயில் ஏறும்வரை அலைவார்கள். இந்தப் பக்கத்து வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அந்துப்பூச்சிகளுக்கும் ஒரு கையேடு போட வேண்டும் என்பது பேராசிரியரின் கனவு. அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். புதிதாக ஒன்றைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் போதாது. படம் வேண்டும், இன்னொருவர் பார்த்து அது அதுதான் என்று சொல்லவும் வேண்டும். படத்தின் கீழே எடுத்தவர் பெயர், அதற்குக் கீழே 'உறுதி செய்தவர்' என்று இரண்டாமவர் பெயர். அந்த இரண்டாம் ஆளாகப் பாதிப் பூச்சிகளுக்கு இவளே வந்தாள். அந்துப்பூச்சி என்றால் கேட்கவே வேண்டாம், முழுக்க அவள்தான். ரத்தத்துக்கு உள்ள அதே வழக்கம் இங்கேயும். "கீழ்ப்பக்கம் தெரியல. இன்னொரு தரம் எடுத்துட்டு வாங்க." வட்டத்து ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி புதருக்குள் போவார்கள்.

அத்தானை வட்டத்துக்கு இழுத்து வந்ததும் அவள்தான். அத்தான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஆளுக்கொரு போன் வந்த பிறகு ஸ்டூடியோவில் ஈ ஓட்டுவதுதான் வேலை. பாஸ்போர்ட் படம், எப்போதாவது ஒரு கல்யாணம். முகத்துப் பரு, கன்னத்து வடு, மூக்குமேல் மச்சம் எதுவானாலும் மவுஸை வைத்து இரண்டு தடவு தடவினால் காணாமல் போய்விடும். அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மனுஷன் நாளுக்கு நாள் சோர்ந்து போவதைப் பார்த்து, "வாங்க அத்தான், என்னோட பூச்சி பிடிக்க" என்று ஒரு ஞாயிறு இழுத்துக்கொண்டு போனாள். போனவர் மாறிப்போனார். சேற்றில் குப்புறப் படுத்துப் படம் எடுப்பார், அவள் நிழலுக்குக் குடை பிடிப்பாள். பிளாஸ்கில் அக்கா கொடுத்தனுப்பிய டீயை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். அவளுடைய வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று கேட்டால் அந்த ஞாயிறுகளைத்தான் அவள் சொல்லியிருப்பாள்.

கையேடு அச்சுக்குப் போகும் சமயத்தில் ஒருநாள் அத்தான் அவளை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார். பெரிய திரையில் ஒரு சின்னஞ்சிறு நீலப் பூச்சி.

"யாருன்னு பாரு" என்றார். முகமெல்லாம் பல்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் புதர்க்காட்டில் காலை வைத்தால் பறப்பது புல்நீலன் என்கிற வண்ணத்துப்பூச்சி. பின்னிறகின் அடியில், ஓரமாக, இரண்டு கறுப்புப் புள்ளிகள். அதே அச்சில், அதே அளவில், ஒரு புள்ளி மட்டும் உள்ளவன் ஒற்றைப்புள்ளி நீலன். அவனை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததே இல்லை. பார்த்தால் அது வட்டத்துக்கே பெருமை. திரையில் இருந்ததற்கு ஒரு புள்ளிதான் இருந்தது.

அவளுக்கும் ஒரு கணம் மூச்சு நின்றது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னும் பெருசாக்குங்க அத்தான். இன்னும்." இறகின் ஓரம் பிசிறடித்திருந்தது. நிறம் வெளிறியிருந்தது. வாரக்கணக்கில் பறந்து, முள்ளிலும் புல்லிலும் உரசி, இறகுச் செதில் உதிர்ந்துபோன கிழட்டுப் பூச்சி. அவள் திரையில் ஓரிடத்தில் நகத்தை வைத்தாள்.

"இங்க பாருங்க. சாம்பலா ஒரு வளையம் தெரியுதா? இந்த எடத்துல இன்னொரு புள்ளி இருந்திருக்கு. தேஞ்சுபோச்சு. இது நம்ம புல்நீலன்தான் அத்தான்."

"நெஜமாவா?"

"நெஜமா. இதுல எனக்கு சந்தேகமே இல்ல."

அத்தான் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்து, "சரி விடு, நமக்கு அவ்வளவுதான் குடுப்பினை" என்றார். அவளுக்குப் பாவமாக இருந்தது. அடுத்த வாரமும் தேடலாம், கிடைத்தாலும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கையேடு வந்த அன்று பேராசிரியரே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். அவள் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாங்கினாள். முதலில் அந்துப்பூச்சிப் பக்கங்களைத்தான் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் அவள் பெயர். வெட்கமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அப்படியே நீலன்களுக்கு வந்தாள்.

ஒரு முழுப்பக்கப் படம். ஒற்றைப்புள்ளி நீலன், இப்பகுதியில் முதல் பதிவு. படம், அத்தான் பெயர். உறுதி செய்தவர், அவள் பெயர். இன்ஷியலோடு முழுப்பெயர்.

அச்சகத்தில்தான் ஏதோ குளறுபடி என்று முதலில் நினைத்தாள். நமக்கு வேண்டியவர்கள் மீது சந்தேகம் வருவதற்கு முன்னால் உலகத்தில் உள்ள அத்தனை பேர் மீதும் வந்துவிடுகிறது. பிறகுதான் படத்தை ஊன்றிப் பார்த்தாள். அவள் நகத்தை வைத்த அதே இடம் துடைத்து விட்டதுபோல வழவழவென்று இருந்தது. சாம்பல் வளையம் இல்லை. ஏதோ ஒரு புள்ளி இருந்தது என்பதற்கான சுவடே இல்லை.

எதை அழிக்க வேண்டும் என்று அத்தானுக்கு இடம் காட்டிக் கொடுத்ததே தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. "என்னம்மா, ஒரேடியா வாயடைச்சுப் போயிட்டீங்க!" என்று பேராசிரியர் சந்தோஷமாகச் சிரித்தார்.

மாலையில் நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள். அத்தான் யாரையோ ஸ்டூலில் உட்கார வைத்து, "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, போதும் போதும்" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை காத்திருந்தாள்.

"நான் அது இல்லைன்னு சொன்னேனே அத்தான்."

"சொன்னே."

"அப்புறம் எப்படி என் பேரு?"

அவர் கேமரா மூடியைத் தேடி எடுத்து மாட்டினார். "உன் பேரு இருந்தாத்தான் போடுவேன்னுட்டார் பேராசிரியர். அவரே உனக்கு போன் பண்ணிக் கேட்டுக்கறேன்னார். கேட்டார்."

"எங்கிட்ட யாரும் கேக்கல."

"வீட்டு நம்பருக்குப் பண்ணினார். நீ டியூட்டிக்குப் போயிருந்தே." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க அக்கா எடுத்தா."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அக்கா கட்டில்மேல் துவைத்த துணிகளைக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்திருக்க வேண்டும். கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"ஆமாடி, நான்தான் சொன்னேன். அவ பாத்துட்டா, அதேதான்னு சொல்லிட்டான்னு சொன்னேன். இப்போ என்ன?"

"எப்படிக்கா உனக்கு மனசு வந்துச்சு?"

"அந்தப் படத்தை எடுத்துட்டு வந்த அன்னிக்கு அவரு மூஞ்சியை நீ பாத்தியா? நான் பாத்தேன். எத்தனை வருஷம் கழிச்சு அந்த மனுஷன் சிரிக்கிறாரு. நீ ஒரு புள்ளிக்காக வேண்டாம்னுட்டே. ஒரே ஒரு புள்ளி!"

"அந்தப் புள்ளிதான்க்கா அந்தப் பூச்சி."

"பூச்சிக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அக்கா ஒரு சட்டையை உதறினாள். "என்னவோ உன் பேரைக் கெடுத்துட்ட மாதிரி நிக்கிறே. கெட்ட பேரா வாங்கிக் குடுத்தோம்? நல்ல பேருதானே?" பிறகு குரலை இறக்கி, "வெளியீட்டு அன்னிக்கு எதையும் சொல்லித் தொலைச்சுடாதே, எனக்காக" என்றாள். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நகையை எடுத்திருந்தால் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். தன் வாயை எடுத்துத் தன் அக்கா பேசிவிட்டாள், இதை எப்படித் திருப்பிக் கேட்பது? மாடிக்குப் போய்விட்டாள்.

நூலகத்து அரங்கில் வெளியீடு நடந்தது. அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் மேடையில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மா சரின்னு சொன்னா அதுக்கு அப்புறம் அப்பீலே கிடையாது" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் யாருக்காகவும் செய்யாததை அன்று செய்தாள். தன்மீதே அருவருப்பாக இருந்தது.

சும்மா இருந்துவிட்டால் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தாள். அடங்கவில்லை, முளைவிட்டது. வட்டத்தில் ஆளாளுக்கு ஒற்றைப்புள்ளி நீலனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தேய்ந்த புல்நீலன் எது அகப்பட்டாலும் அது ஒற்றைப்புள்ளிதான். வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஆர்வம் என்றால் அப்படி ஒரு ஆர்வம், பொறுமைதான் கிடையாது. ஒரு ஞாயிறு அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு புதரிலிருந்து ஓடி வந்தார்.

"மேடம், உங்க பூச்சி!"

பார்த்தாள். "டாக்டர், இது புல்நீலன். இதோ, இந்த எடத்துல புள்ளி தேஞ்சிருக்கு."

பல் டாக்டர் தோள்பையிலிருந்து கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தார். எப்போதும் திறந்து திறந்து அந்தப் பக்கம் தானாகவே விரிந்துகொண்டது. "உங்க படத்துலயும் இப்படித்தானே மேடம் இருக்கு? எறகு ஓரம்கூட இதே மாதிரிதான் பிசிறடிச்சிருக்கு. அதை நீங்களே சரின்னு சொல்லியிருக்கீங்களே?"

மனுஷன் வம்புக்குக் கேட்கவில்லை. கற்றுக்கொள்ளத்தான் கேட்டார். மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அத்தான் இரண்டடி தள்ளி நின்று லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். குடை பிடித்திருக்கிறேனே, ஒரே மூடியில் டீ குடித்திருக்கிறோமே, இப்போதாவது சொல்லுவார். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது நான் சொன்னதில்ல டாக்டர்" என்றாள். "நான் பாத்துட்டு, இல்லைன்னுதான் சொன்னேன். அந்தப் படத்துல ரெண்டாவது புள்ளியோட தடத்தை அழிச்சிருக்கு. எடுத்தவர் இங்கதான் நிக்கிறார், கேளுங்க."

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக, ரொம்ப அன்பாகவே சொன்னார்.

"வீட்டு விஷயத்தை வெளியில பேச வேண்டாம்மா."

அவ்வளவுதான். சூழ்ந்து நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பார்வையை விலக்கிக்கொண்டார்கள். ஒருத்தர் செடியைப் பார்த்தார், ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். குடும்பத்துக்குள் ஏதோ மனஸ்தாபம், நமக்கு எதற்கு என்கிற முகம். பூச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தவளை ஒரே வாக்கியத்தில் சண்டைக்காரி ஆக்கிவிட்டார் அத்தான்.

அவள் விடவில்லை. பேராசிரியர் வீட்டுக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், அக்காவைப் பற்றி உட்பட. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, "தப்புதான்மா. அடுத்த பதிப்புல சரி பண்ணிடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் அங்கேயே அழுதுவிட்டாள். வெளியே வந்தபோது உடம்பே லேசாகிவிட்டதுபோல இருந்தது.

கையேடு நன்றாகப் போனது. சீக்கிரமே இரண்டாம் பதிப்பு வந்தது. வீட்டில் அதுவரை அவளும் அக்காவும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று அக்காவே புதுக் கையேட்டை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு.

"இந்தா, பாரு. நீ கேட்ட மாதிரியே செஞ்சுட்டாங்க. அவர்தான் பேராசிரியர்கிட்ட உக்காந்து பேசி முடிச்சாரு."

அவள் நீலன் பக்கத்தைத் திறந்தாள். அதே முழுப்பக்கப் படம். அதே வழவழப்பு. ஒற்றைப்புள்ளி நீலன், இப்பகுதியில் முதல் பதிவு. உறுதி செய்தவர் என்ற இடத்தில் பல் டாக்டர் பெயர்.

"படம் அப்படியே இருக்கேக்கா."

"படத்தை எதுக்குடி எடுக்கணும்? உனக்கு உன் பேருதானே பிரச்சினை? எடுத்தாச்சு."

அவளுக்கு ஏதோ தோன்றி அந்துப்பூச்சிகளுக்குப் புரட்டினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரச் சுவரில் அவள் பார்த்துப் பார்த்துப் பெயர் கண்டுபிடித்தவை. ஒரு பக்கம், இன்னொரு பக்கம், அதற்கடுத்த பக்கம். எதிலும் அவள் பெயர் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே 'வட்டத்து உறுப்பினர்கள்' என்று போட்டிருந்தது.

"ஒரு எடத்துல மட்டும் எடுத்தா ஏன் எதுக்குன்னு கேப்பாங்களாம்" என்றாள் அக்கா. "அதான் ஒரேயடியா எல்லாத்துலயும் எடுத்துட்டாங்க. இனிமே உன்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது. இப்போ திருப்திதானே?"

அவள் அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கள்ளம் இருக்கிறதா என்று தேடினாள், இல்லை. தங்கைக்கு ஒரு நல்லது செய்து முடித்துவிட்ட சந்தோஷம்தான் அதில் நிறைந்திருந்தது. இனி இந்த வீட்டில் தன்னால் இருக்க முடியாது என்று அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.